பாதமும் பிள்ளைப்பேறும்

ஆடிப்பூரத்தன்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வளையல் ஓசை கேட்காத அம்மன் சந்நிதி இல்லை. சேலையூர், மாடம்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் என எந்தப் பக்கம் திரும்பினாலும், அம்பிகைக்குக் கண்ணாடி வளையல்களால் அலங்காரம் செய்து, அவளையே சூல்கொண்ட தாயாகப் பாவித்து வளைகாப்பு நடத்துகிறார்கள். தீபாராதனை முடிந்ததும் அவ்வளையல்கள் பிரசாதமாகின்றன. அவற்றைப் பெறக் கை நீட்டுவோரில் கருவுற்றவர்கள் சிலர். கருவுறக் காத்திருப்பவர்கள் பலர்.

அவ்வாறு காத்திருந்தவர்களுள் ஒருத்தி, மாடம்பாக்கத்தை அடுத்த ஒரு தெருவில் வாழும் இளம்பெண். மணமாகி நான்கு ஆண்டுகள். கபில முனிவர் பசுவாகப் பிறந்து வழிபட்ட தலம் என்று போற்றப்படும் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் ஆலயத்தை அவள் வலம் வராத வெள்ளிக்கிழமை இல்லை. மாங்காட்டுக் காமாட்சிக்கு எலுமிச்சங்கனியுடன் ஆறு வாரம் சென்று வந்தாள். குன்றத்தூர் மலைப்படிகளையும் ஏறினாள். திருக்கருகாவூரிலிருந்து வந்த நெய்ப் பிரசாதத்தை ஒரு மண்டலம் உட்கொண்டாள். இவ்வளவுக்கும் பிறகு, மாமியார் எங்கிருந்தோ ஒரு துண்டுப் பிரசுரத்துடன் வந்தார். பாதத்தில் உள்ள கருப்பைப் புள்ளியைப் பத்து முறை அழுத்தினால் மலடு நீங்கும், அழுத்தத்தைத் தொடர்ந்தால் பிரசவமும் சுகமாகும் என்று அதில் அச்சாகியிருந்தது. “போய்த்தான் பார்ப்போமே, அம்மா. காலைப் பிடித்து விடுவதால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?” என்றார் மாமியார். அன்பினால் சொன்ன சொல்தான். மருமகளும், “சரி, அத்தை” என்றாள்.

இன்று தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரிப் பகுதிகளில் ‘ரிஃப்ளெக்ஸாலஜி’ என்னும் பெயர்ப்பலகை புதிதன்று. அழகு நிலையங்களிலும் அது உண்டு. யோகா வகுப்பு நடக்கும் மாடிகளிலும் உண்டு. தொன்மையான கீழ்த்திசை வித்தை என்று பலர் இதனை நம்புகிறார்கள். ஆனால் இன்று இப்பெயரால் வழங்கும் முறை அமெரிக்காவில் உருவானது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரான வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர், மனித உடலைத் தலை முதல் கால் வரை பத்து நெடும்பட்டைகளாகப் பகுத்து, ஒரு பட்டையின் ஓரிடத்தை அழுத்தினால் அதே பட்டையில் வேறோரிடத்து வலி தணியும் என்று கருதினார். அவரது நூல் 1917-இல் வெளிவந்தது. பின்னர் யூனிஸ் இங்காம் என்ற பெண்மணி, 1930-களில், அக்கருத்தைப் பாதத்தில் குவித்து, உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ளங்காலில் ஓரிடம் குறித்து, ஒரு வரைபடமே அமைத்துவிட்டார். அவரது முதல் நூலின் ஆண்டு 1938. இன்று சுவரில் தொங்கும் வண்ணப் பாதப் படங்களுக்கெல்லாம் மூலம் அதுவே.

அந்தப் படத்தின்படி, கருப்பைக்குரிய இடம் கணுக்கால் எலும்புக்குக் கீழே குதிகாலின் உட்புறம். சினைப்பைக்குரியது அதே இடத்தின் வெளிப்புறம். சுரப்பிகளுக்கெல்லாம் தலைமை தாங்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்குக் கட்டை விரல். பார்ப்பதற்கு மிக ஒழுங்கான படம். எனினும் குதிகாலிலிருந்து கருப்பைக்கென்று தனியே செல்லும் நரம்புவழி எதையும் உடற்கூற்று நூல்கள் காட்டவில்லை. நம் வீடுகளில் மெட்டியைப் பற்றிச் சொல்லப்படும் விளக்கமும் இத்தகையதே. இரண்டாம் விரலின் நரம்பு கருப்பையோடு இணைந்தது, ஆகவே முன்னோர் அங்கு வெள்ளி அணியச் செய்தனர் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். மெட்டி சுமங்கலியின் மங்கலச் சின்னம். அந்தப் பெருமை ஒன்றே அதற்குப் போதும். இல்லாத நரம்பை இருப்பதாகச் சொல்லி அதற்கு முட்டுக் கொடுப்பானேன்?

ஆயினும், வரைபடம் எப்படியிருந்தாலும் பலன் கிடைக்கிறதா என்பதே காத்திருக்கும் பெண்ணின் கேள்வி. அதையும் மருத்துவ உலகம் சோதித்துப் பார்த்திருக்கிறது. சினைமுட்டை முறையாக வெளிப்படாத 48 பெண்களைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு, 2009-இல் வெளியாயிற்று. சீட்டுக் குலுக்கியது போல அவர்களை இரு பிரிவாக்கினர். 26 பேருக்கு உண்மையான பாத அழுத்த சிகிச்சை. 22 பேருக்கு அப்புள்ளிகளைக் கருதாமல், வெறுமனே மென்மையாகக் கால் வருடிவிடுதல். யார் எந்தப் பிரிவு என்பது அப்பெண்களுக்குத் தெரியாது. பத்து வாரங்களில் எட்டு அமர்வுகள். முடிவில், முதற்பிரிவில் 11 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 10 பேருக்கும் சினைமுட்டை வெளிப்பட்டது. விழுக்காட்டில் பார்த்தால் வருடிவிடப்பட்டவர்களே இம்மியளவு முந்தியிருந்தார்கள். கருவுற்றவர்கள் முதற்பிரிவில் நால்வர், இரண்டாவதில் இருவர். இத்தனை சிறிய எண்களைக் கொண்டு புள்ளிக்குப் பலன் உண்டென்று எவரும் சொல்ல இயலாது. அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை.

எனவே, கரு உண்டாவதற்கு இது மருந்து என்று எவரேனும் உறுதி கூறினால் அதை ஏற்க வேண்டியதில்லை. காலைப் பிடித்து விடுவதால் வரும் கெடுதல் என்ன என்ற மாமியாரின் கேள்விக்கு, பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பதே விடை. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. மணமானபின் ஓராண்டு முயன்றும் கரு தங்காவிடில் மருத்துவரை அணுக வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே அணுக வேண்டும் என்பது மருத்துவ வழக்கு. பெண்ணின் சினைமுட்டைகள் பிறவியிலேயே எண்ணி வைக்கப்பட்டவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை குறையுமே தவிரக் கூடுவதில்லை. பத்து அமர்வு, பிறகு இன்னொருவரிடம் பத்து அமர்வு, அதன் பின் வேறொரு லேகியம் என்று இரண்டாண்டு கழிந்துவிட்டால், அந்த இரண்டாண்டை எந்தச் சிகிச்சையும் மீட்டுத் தராது.

இதனினும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் குழந்தைப்பேற்றுத் தடையைச் சந்திக்கிறார். அவ்வாறு தடைபடும் தம்பதியரில் சுமார் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. விந்தணுக் குறைவோ, அதன் இயக்கக் குறைவோ இருக்கலாம். அதைக் கண்டறியும் சோதனை மிக எளியது, ஊசியில்லை, அறுவையில்லை. ஆனாலும் நம் குடும்பங்களில் முதலில் சோதிக்கப்படுபவள் பெண். விரதம் இருப்பவள் பெண். அடிப்பிரதட்சிணம் செய்பவள் பெண். ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற கேள்விக்குக் கல்யாண வீடுதோறும் தலைகுனிபவளும் பெண். இப்போது அவளது பாதமும் வைத்தியத்துக்கு வந்துவிட்டது. மகனைச் சோதனைக்கு அனுப்புவது குலத்துக்கே இழுக்கு என்று எண்ணும் பெற்றோர், மருமகளின் குதிகாலில் குற்றம் தேடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

மாடம்பாக்கத்துப் பெண்ணுக்கும் இதுவே நேர்ந்தது. நான்காண்டுகளில் அவள் கணவன் ஒருமுறைகூடச் சோதனைக்குச் சென்றதில்லை. அவள் கேட்கவுமில்லை.

கருவுற்றபின் இக்கலையின் நிலை சற்று வேறுபடுகிறது. ஏழு, எட்டாம் மாதங்களில் கால் வீங்குவது இயல்பு. வளரும் கருப்பை கீழுடலிலிருந்து மேலேறும் இரத்தக் குழாய்களை அழுத்துவதால் நீர் கணுக்காலில் தங்கிவிடுகிறது. சென்னைப் புறநகர் மின்ரயிலில் நின்றபடியே வேலைக்குச் சென்று திரும்பும் கர்ப்பிணிக்கு இதன் துன்பம் நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் 55 கர்ப்பிணிகளிடம் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், இருவகைப் பாத சிகிச்சையையும் வெறும் ஓய்வையும் ஒப்பிட்டனர். கணுக்காலின் சுற்றளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பாதம் நீவப்பெற்றவர்கள் உடலும் மனமும் இலேசானதாக உணர்ந்தார்கள். இதைச் சிறிய பலன் என்று தள்ளிவிடலாகாது. பிறர் கை பரிவோடு படும்போது உடல் தளர்ந்து அமைதி கொள்கிறது, நல்ல உறக்கம் வருகிறது. கர்ப்பிணிக்கு அதுவும் வேண்டும்.

இங்கே இரு எச்சரிக்கைகள் மிக முக்கியமானவை. முதலாவது: ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதையில் வலியும் சூடும் சிவப்பும் இருந்தால் அந்தக் காலை எவரும் பிடித்து விடவே கூடாது. கர்ப்ப காலத்தில் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு மிகுதி. பெரும்பாலும் அது இடக்காலில் நேர்கிறது. அக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது: ஐந்தாம் மாதத்துக்குப் பின் முகமும் கைகளும் திடீரென வீங்குதல், விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது கண்முன் பொறி பறத்தல், மேல்வயிற்றில் வலி ஆகியவை இரத்த அழுத்தம் உயர்ந்ததன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை எட்டினாலே மருத்துவர் கவனிக்க வேண்டும். கவனியாது விட்டால் வலிப்பு வரும். தாயும் சேயும் சேர்ந்தே ஆபத்தில் சிக்குவர். ‘கால் வீங்கினால் பெண் குழந்தை’ என்று சிரித்துக்கொண்டே வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் பாட்டிமார் இதை மனத்தில் கொள்ள வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்குமுன் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதைப் பார்த்துவிடலாம். நள்ளிரவில் நேர்ந்தால் 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

கணுக்காலுக்கு மேல் உட்புறத்தில் நான்கு விரற்கடை தூரத்தில் ஓர் இடம் இருக்கிறது. அக்குபிரஷர் முறையில் அதைக் கருப்பையைத் தூண்டும் புள்ளியாகக் கருதுவதால், முறையாகப் பயின்றவர்கள் மாதம் நிறையும் வரை அதை அழுத்துவதில்லை. இந்த ஒன்றைக்கூட அறியாதவரிடம் கர்ப்பிணி கால் நீட்டுவது உசிதமன்று.

தாம்பரத்தைப் பற்றிப் பேசும்போது தொடு சிகிச்சையில் நம் மண்ணுக்கே உரிய கலையை மறந்துவிட முடியாது. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய சானடோரியமே அப்பகுதிக்கும் ரயில் நிலையத்துக்கும் பெயரானது. அதனருகில் இன்று தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நிற்கிறது. 2005 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன் மருத்துவமனை, சித்த வைத்தியராகவும் அறிஞராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கியுள்ளது. அங்கு வர்மமும் தொக்கணமும் முறைப்படி கற்பிக்கப்படுகின்றன. வர்ம நூல்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 இடங்களைக் கூறுகின்றன. தொக்கணம் என்பது தட்டல், இறுக்கல், பிடித்தல் முதலான ஒன்பது வகை கைமுறைகளால் உடலைப் பக்குவம் செய்வது. 2025-இல் 567 பேருக்கு ஒரே நேரத்தில் வர்ம சிகிச்சை அளித்து இந்நிறுவனம் கின்னஸ் சாதனையும் படைத்தது. சாதனைப் பட்டியல் நோயாளிக்கு எவ்வகையில் உதவும் என்பது வேறு பேச்சு. ஆனால் பட்டப்படிப்புக்கு ஐந்தரை ஆண்டும், அதன்மேல் மேற்படிப்புக்கு மூன்று ஆண்டும் பயின்றவரின் கைக்கும், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் பெற்றவரின் கைக்கும் வேறுபாடு உண்டு. வர்ம ஆசான்கள் வழிவழியாகச் சொல்லிவந்ததும் அதுவே: தொடக் கூடாத இடம் எதுவென்று அறிந்தவனே தொடத் தகுந்தவன். சித்த மருத்துவத்தில் நம்பிக்கையுள்ள குடும்பத்தார் துண்டுப் பிரசுரத்தை நாடாமல், பதிவுபெற்ற சித்த மருத்துவரை நாடலாம். மகப்பேறு மருத்துவரிடமும் அதை மறைக்காமல் சொல்லிவிடலாம். இருவரும் ஒருவரையொருவர் அறிந்து நடத்தும் வைத்தியத்தில் ஆபத்து குறைவு.

பிரசவ வேளைக்கு வருவோம். பிரசவ வலிக்குக் கைவைத்தியம் உதவுமா என்று உலகெங்கும் நடந்த 14 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த ஒரு தொகுப்பு 2018-இல் வெளிவந்தது. முதுகை நீவிவிடுதல், இளஞ்சூட்டு ஒத்தடம் ஆகியவை வலியின் முதற்கட்டத்தில் ஓரளவு ஆறுதல் தரக்கூடும் என்று அது கூறியது. சான்றுகள் வலுவானவை அல்ல என்பதையும் மறைக்கவில்லை. பாதத்தை நீவினால் பிரசவம் சுகமாகும் என்ற உறுதியைச் சான்றோடு தரவல்லவர் எவருமில்லை. ஆனால் பிரசவிக்கும் பெண்ணின் அருகில் அவளுக்கு நம்பிக்கையான ஒருவர் உடனிருப்பது நல்லது என்பதில் ஐயமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் அதை வலியுறுத்துகிறது. தமிழக அரசு மருத்துவமனைகளிலும் பிரசவத் துணைக்குப் பெண்ணொருவரை அனுமதிக்கும் வழக்கம் உண்டு.

சைவர்களுக்கு இச்செய்தி புதியதன்று. திருச்சிராப்பள்ளியில் ரத்னாவதி என்னும் செட்டிப் பெண் பேறுகாலம் நெருங்கத் தனித்திருந்தாள். அவளுடைய தாய், பேறுகாலத்துக்கு வேண்டிய எண்ணெயும் மருந்தும் எடுத்துக்கொண்டு காவிரியின் அக்கரையில் வந்து நின்றாள். ஆற்றில் வெள்ளம். தாய் வரும் வழி அடைபட்டது. இங்கோ வலி கண்டுவிட்டது. அப்போது தாயின் வடிவிலேயே சிவபெருமான் வீட்டுக்குள் நுழைந்தார். மகள் கையைப் பற்றினார், மருந்து கொடுத்தார், குழந்தையை ஏந்தினார், வெள்ளம் வடியும் வரை பத்தியம் பார்த்தார். உண்மைத் தாய் வந்து வாசலில் நின்றபோதுதான் இருவரைக் கண்டு ரத்னாவதி திகைத்தாள். தாயும் ஆனவர் என்று இறைவன் பெயர் கொண்டது அதனால்தான். எல்லாம் வல்லவர் நினைத்திருந்தால் வெள்ளத்தை ஒரு கணத்தில் வற்றச் செய்திருக்கலாம். வலியில்லாமலே பிள்ளையை அருளியிருக்கலாம். அவர் செய்ததோ, அருகில் அமர்ந்து கை கொடுத்தது.

திருக்கருகாவூர்க் கர்ப்பரட்சாம்பிகையின் கதையும் தனித்திருந்த கர்ப்பிணியின் கதையே. நித்துருவ முனிவர் வெளியே சென்றிருந்த வேளையில், கருவுற்றுக் களைத்திருந்த அவர் மனைவி வேதிகை, பிச்சைக்கு வந்த ஊர்த்துவபாதரின் குரலைக் கேட்டு உடனே எழ முடியவில்லை. அவர் சினந்து சபித்தார், கரு கலைந்தது. அம்பிகையே அக்கருவைக் குடத்தில் காத்துக் குழந்தையாக்கித் தந்தாள். அத்தலத்தில் குழந்தைப்பேற்றுக்கு நெய்யும், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெயும் அம்பிகையின் திருவடியில் வைத்துத் தரப்படுகின்றன. இந்த விளக்கெண்ணெய் பற்றி ஒரு சொல். இது வயிற்றின் மேல் மென்மையாகத் தடவுவதற்கு மட்டுமே உரியது. பிரசவம் தாமதமாகிறது என்று பதறி, அதை உள்ளுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. விளக்கெண்ணெய் குடலைக் கலக்கி வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சிலருக்குக் கருப்பையையும் தூண்டிவிடும். தடவும் கையும் இலேசாக இருக்கட்டும். அழுத்திப் பிசைவது ஆகாது.

மாடம்பாக்கத்துப் பெண் அந்தப் பாத சிகிச்சைக்குச் சென்றாளா? மூன்று முறை சென்றாள். நான்காம் முறை செல்லுமுன், மாதவிலக்கு ஒழுங்கற்றிருந்ததால் ஒரு பெண் மருத்துவரிடம் காட்ட நேர்ந்தது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கோயிலையும் குறை சொல்லவில்லை, காலைப் பிடித்து விடுவதையும் பழிக்கவில்லை. தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் சோதனை எழுதினார். பிறகு தலை நிமிராமலே, “உங்கள் வீட்டுக்காரரின் ரிப்போர்ட் எங்கே, அம்மா?” என்றார். அவள் பேசாதிருந்தாள். உடன் வந்திருந்த மாமியாரும் பேசாதிருந்தார். மருத்துவர் இன்னொரு தாளை எடுத்து, அதன்மேல் மகனுடைய பெயரைக் கேட்டு எழுதி, மாமியார் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் அந்தத் தாளைப் பூசையறையில் அம்பாள் படத்தின் முன் வைத்துவிட்டு, மகன் வரும் வரை வாசலிலேயே அமர்ந்திருந்தார். என்ன பேசினார், அவன் என்ன மறுமொழி சொன்னான் என்பது மருமகளுக்குத் தெரியாது. அவள் அடுக்களையில் இருந்தாள். மறுநாள் அவன் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொன்னான். அன்றிரவு, நாளெல்லாம் நின்று வேலை செய்து கால் கடுத்துப் படுத்திருந்தவளின் பாதத்தருகே, நல்லெண்ணெய்க் கிண்ணத்துடன் வந்து அமர்ந்தான். கருப்பைப் புள்ளி எது, பிட்யூட்டரிப் புள்ளி எது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆடிப்பூரத்து வளையல்கள் கையில் குலுங்கின. அவன் விடவில்லை.